மறைநகலில் கெர்த்து

…போட்டிருப்பேன், போடாமல் இருந்திருக்க மாட்டேன், கெர்த்துவை விட்டுவிட்டு ஒரு விருந்தா, அதுவும் என் கல்யாண விருந்தா, என்று சிர்க்கா ஏலக்காய் ரொட்டி மாவை ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள், குத்திய கையை மாவுக்குள்ளேயே வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள், ஆனால் அழைப்பில் அவள் பெயரைப் போட்டது நினைவில் இல்லையே… விரல் அந்தப் பெயரைத் தொட்டது நினைவில் வரவே மாட்டேன் என்கிறதே. மற்ற எல்லோரும் பதில் போட்டாயிற்று. பள்ளிக்கூடச் சமையலறையில் அவளோடு வேலை பார்க்கிறவர்கள், வெய்க்கோவின் மகள், பாட்டுக் குழுவில் அவள் பக்கத்தில் நின்று எப்போதும் அரைச் சுருதி கீழே பாடும் ஐலி, எல்லோரும். வருகிறோம், ரொம்ப சந்தோஷம், இந்த வயதில் துணிச்சல்தான், புளிப்புத் தண்டு ருபார்ப்பை வைத்து ஒரு பை பலகாரம் செய்து எடுத்துவரட்டுமா என்றெல்லாம். கெர்த்துவிடமிருந்து மட்டும் ஒரு வார்த்தை இல்லை. அழைப்புப் போய், பதில் வரவில்லை என்றால் அது ஒரு விஷயம், கெர்த்து வர விரும்பவில்லை, அவள் இஷ்டம், மனதில் ஒரு முள் குத்தும், குத்திவிட்டுப் போகும். ஆனால் அழைப்பே போகவில்லை என்றால்? கடையில் பால் பெட்டிக்கு முன்னால் நின்று யாராவது சொல்லியிருப்பார்கள், சிர்க்காவுக்கும் படகுக்கார வெய்க்கோவுக்கும் கல்யாணமாமே, மன்றக் கூடத்தில் காப்பி விருந்தாமே, நீ போகிறாயா என்று. கெர்த்து பாலை எடுத்துக் கூடையில் வைத்துக்கொண்டு, தேதி முடிகிற நாளைப் பார்ப்பதுபோல் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாள்… சீ, அதை நினைக்காதே.

மாவின்மேல் துணியைப் போட்டு மூடி ஜன்னலோரம் வெயிலில் வைத்தாள். நல்ல வெயில். லைலாக் இந்த வருஷம் முன்கூட்டியே பூத்துவிட்டது, வாசனை சமையலறை வரைக்கும் வந்து ஏலக்காயோடு கலந்துகொண்டிருந்தது, பள்ளிக்கு விடுமுறை விட்டாயிற்று, ஆகஸ்டு வரை முந்நூறு குழந்தைகளுக்கு உருளைக்கிழங்கு வேக வைக்க வேண்டாம், அவளுடைய ஐம்பத்தேழாவது வயதில் ஒரு ஆள் அவளைப் பார்த்து, குளிர்காலத்தில் தனியாகக் காப்பி குடிப்பது எனக்கு அலுத்துவிட்டது, உனக்கு எப்படி என்று கேட்டிருக்கிறான், அவள் எனக்கும்தான் என்றிருக்கிறாள், இதைவிட வேறென்ன வேண்டும். ஒன்றும் வேண்டாம். இந்த ஒன்றைத் தவிர. கையைக் கழுவி மடிக்கணினியைத் திறந்தாள். 'அனுப்பியவை' என்பதைத் தட்டினாள். அழைப்பு அங்கே இருந்தது, பத்திரமாக, அவள் எழுதிய ஒவ்வொரு எழுத்தும் இருந்தது, ஆனால் பெறுநர் என்கிற இடத்தில் ஒரே ஒரு பெயர்தான், சிர்க்கா ஹாபகோஸ்கி, அவளேதான். தன் கல்யாணத்துக்குத் தன்னை மட்டும் அழைத்துக்கொண்டவள் மாதிரி. மற்றவர்களையெல்லாம் அவள் மறைநகல் வரியில் போட்டிருந்தாள், ஒருவர் பெயர் இன்னொருவர் கண்ணில் படாத அந்த வரியில், அந்த வரியையே இப்போது காணோம். வாங்குகிறவர்களுக்குத் தெரியக்கூடாது, சரி, அதற்குத்தானே அது. அனுப்பியவளுக்கே தெரியாமல் போனால் எப்படி? அலமாரியில் ஒளித்து வைத்த சாக்லேட்டை, ஒளித்தவளே தேடுகிற கதையாக இருக்கிறதே.

இணைய இணைப்புக் கொடுத்திருக்கும் கூட்டுறவுச் சங்கத்தின் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டாள். உங்களுக்கு முன்னால் நான்கு பேர் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அக்கார்டியன் வாசிக்க விட்டார்கள், காதில் அக்கார்டியனோடு அவள் அன்றைக்கு என்ன நடந்தது என்று வரிசையாக நினைத்துப் பார்த்தாள். படகில்தான் எழுதினாள். ஏரியின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் கம்பிவடத்தைப் பிடித்துக்கொண்டு போய்வருகிற மஞ்சள் படகு, நான்கு கார் ஏறும், வெய்க்கோ மேலே கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருப்பான், அன்று அவள் காரை விட்டு இறங்காமல் ஸ்டியரிங்கின்மேல் கைப்பேசியை வைத்துக்கொண்டு எழுதினாள், ஒரு கடப்பில் முடியாமல் இன்னொரு முறை சும்மாவே போய்வந்தாள், வெய்க்கோ மேலேயிருந்து, என்ன, சுற்றுலாவா என்று கையாட்டினான். பெயர்கள் ஒவ்வொன்றாக. இரண்டு எழுத்து தட்டினால் போதும், கைப்பேசியே மீதிப் பெயரை எடுத்து நீட்டும். கெர்த்துவின் பெயரில் விரல் நின்றது, அது நினைவிருக்கிறது. நின்றது. தொட்டதா? தொடாமல், இதைக் கடைசியில் போடலாம் என்று தள்ளிவைத்ததா? அப்போதுதான் படகு கரையை முட்டியது, பின்னாலிருந்த பால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான், அனுப்பு என்பதைத் தட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

அக்கார்டியன் நின்றது. "வணக்கம், மின்னா பேசறேன், என்ன பிரச்சினை?" என்றது ஓர் இளம்பெண் குரல், வாயில் எதையோ மென்று அவசரமாக விழுங்கிய குரல். சிர்க்கா சொன்னாள். சொல்லும்போதே, இது ஒரு பிரச்சினையா என்று அந்தப் பெண் நினைப்பாளோ என்று வெட்கமாக இருந்தது. ஆனால் மின்னா அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. "ஓ, பிசிசி காணாமப் போற கேஸா. இந்த மாசம் நீங்க மூணாவது ஆளு. முதல்ல உங்க பேருக்குப் பக்கத்துல குட்டியா ஒரு அம்புக்குறி இருக்கும், அதைத் தட்டுங்க." தட்டினாள். விரிந்தது. யாரிடமிருந்து, யாருக்கு, என்றைக்கு. அவ்வளவுதான். "இல்லையா? சரி. எதுல இருந்து அனுப்பினீங்க, இதே கம்ப்யூட்டரா, போனா?" படகிலிருந்து என்றுதான் சிர்க்காவின் வாயில் வந்தது, பிறகு, "போன்" என்றாள். "ஆங்" என்றாள் மின்னா, மருத்துவர் நாக்கைப் பார்த்துவிட்டுச் சொல்கிற ஆங். "இப்ப ஒரு சின்ன வேலை பண்ணுங்க. கம்ப்யூட்டர்லேர்ந்து உங்களுக்கே ஒரு மெயில் போடுங்க, பிசிசில வீட்டு ஆள் யாரையாவது சேத்துக்கோங்க. அப்புறம் அதே மாதிரி போன்லேர்ந்து ஒண்ணு. ரெண்டையும் அனுப்பிட்டு அனுப்பினதைப் பாப்போம்."

வீட்டு ஆள். வீட்டு ஆள் யார்… வெய்க்கோதான் வேறு யார், அந்தச் சொல்லைச் சனிக்கிழமைக் கல்யாணத்துக்கு முன்பாகவே பயன்படுத்தலாமா, பயன்படுத்தலாம். தலைப்பில் சோதனை என்று எழுதி அனுப்பினாள், கைப்பேசியிலிருந்து இன்னொன்று, அதற்கும் சோதனை. மடிக்கணினியிலிருந்து போனதைத் திறந்தால் மறைநகல் வரி சமர்த்தாக நின்றது, வெய்க்கோவின் பெயர் முழுதாக. கைப்பேசியிலிருந்து போனதைத் திறந்தால் மொட்டை. "பாத்தீங்களா" என்றாள் மின்னா, சந்தோஷமாக, பிடிபட்டதில் அவளுக்கு உண்மையான சந்தோஷம், சிர்க்காவுக்குக்கூட ஒட்டிக்கொண்டது. கைப்பேசியில் இருக்கிற நிரல் தானாக நகல் எடுத்து வைப்பதில்லையாம், அனுப்புகிற வேலையைச் சங்கத்தின் கணினியிடம் விட்டுவிடுமாம், அது மறைநகல் வரியைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் அஞ்சலை வெளியே விடும், கிழித்தபிறகு மிஞ்சியதைத்தான் நகலாக எடுத்து வைக்குமாம். அப்போது பெயர்கள் எங்கே போயின என்று சிர்க்கா கேட்டாள். "எங்கேயும் போகல. போக வேண்டியவங்களுக்குப் போயிடுச்சு. உங்ககிட்டதான் அடையாளம் இல்ல. போன்ல ஒரு அமைப்பை மாத்திடலாம், இனிமே அனுப்பறதெல்லாம் தெரியும்." பழையது? "பழையது போனது போனதுதான்."

அமைப்பை மாற்றினார்கள், மூன்று இடத்தில் தட்டி, ஓர் இடத்தில் திரும்பிவந்து, மறுபடி தட்டி. இன்னொரு சோதனை போனது. இந்தமுறை கைப்பேசியிலிருந்து போனதிலும் வெய்க்கோ இருந்தான். சரியாகிவிட்டது, சரியான அந்தச் சின்ன விஷயத்தால் கொஞ்ச நேரம் எல்லாமே சரியாகிவிட்டது போல இருந்தது, பிறகு இல்லை என்று தோன்றியது. சிர்க்கா கேட்டேவிட்டாள், ஒரே ஓர் ஆளுக்குப் போனதா இல்லையா என்று மட்டும் எப்படியாவது தெரிந்துகொள்ள முடியாதா. மின்னா யோசித்தாள். சங்கத்தின் கணினியில் எது எங்கே போனது என்று குறிப்பு இருக்கும், விண்ணப்பம் போட வேண்டும், வாரக்கணக்கில் ஆகும், கல்யாணம் எப்போது என்றாள். சனிக்கிழமை. "அப்ப ஒண்ணு சொல்லட்டுமா? அவங்ககிட்டயே கேட்டுடுங்களேன், வந்துச்சான்னு." அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள், இருபத்தைந்து வயது இருக்குமா, அந்த வயதில் யாரிடமும் எதையும் கேட்டுவிடலாம். பரவாயில்லை, நல்ல பெண், மென்றுகொண்டிருந்ததைப் போய் மெல்லட்டும். நன்றி சொல்லி வைத்தாள்.

வைத்த உடனே வெய்க்கோ கூப்பிட்டான், பின்னால் படகின் எந்திரம் முனகியது. "சோதனைன்னு மூணு வந்திருக்கு. எனக்கா சோதனை? கல்யாணத்துக்கு முன்னாடியேவா?" அவள் சிரித்தாள். "தேறிட்டே, போ" என்றாள். "எத்தனை மார்க்?" என்றான். "வீட்டுக்கு வா சொல்றேன்." "காப்பிக்கு ஏதாவது உண்டா?" "மாவு எழும்பிக்கிட்டு இருக்கு." "சரி, அக்கரையில கார் காத்திருக்கு" என்று வைத்துவிட்டான். இவனிடம் சொல்லியிருக்கலாம், சொன்னால் கேட்டுக்கொள்வான், கேட்டுவிட்டு, சரி நான் அக்கரைக்குப் போகும்போது அவள் வீட்டில் எட்டிப் பார்த்து நேரில் கூப்பிட்டுவிடுகிறேன் என்பான், அது நல்லதுதான், ஆனால் அது அவன் கூப்பிட்டதாக ஆகிவிடும், கெர்த்துவுக்கு வெய்க்கோ யார், ஒன்றுமில்லை. சிர்க்கா யார்? கெர்த்துவின் தம்பிக்கு மனைவியாக இருந்தவள், அந்தக் குடும்பத்தின் ஹாபகோஸ்கி என்கிற பெயரை இன்னமும் வைத்திருக்கிறவள். கெர்த்து ரெய்மாவின் அக்கா, ரெய்மா சிர்க்காவோடு இருபது வருஷம் குடித்தனம் நடத்திவிட்டு, ஒருநாள் மீன் வலையை மடித்து வைக்கிற நிதானத்தோடு, எனக்கு இது போதும் என்று சொன்னவன், இப்போது துர்க்கு நகரத்தில் இருக்கிறான், இருக்கட்டும். அந்த வீட்டைக் காலி செய்த அன்று கெர்த்துதான் ஆட்டைக் கொண்டுபோகிற இழுவண்டியைக் காரில் மாட்டிக்கொண்டு வந்தாள், உள்ளே வைக்கோல்கூடக் கூட்டாமல். எது எது உன்னோடது சொல்லு, ஏத்தறேன். பதிலுக்குக் காத்திராமல் கெர்த்துவே துவைக்கிற மெஷினைக் கட்டிப்பிடித்து நகர்த்தினாள். அது நான் வாங்கினது என்றான் ரெய்மா கதவோரம் நின்று. "வாங்கினே. நீ துவைச்சு நான் பாத்ததில்லையேடா" என்றாள் கெர்த்து, அவ்வளவுதான், மெஷின் வண்டியில் ஏறிவிட்டது. இன்னமும் ஓடுகிறது, சுழலும்போது தரையெல்லாம் நடக்கும், ஆனாலும் ஓடுகிறது. அப்படிப்பட்டவளோடு எப்போது பேச்சு நின்றது? சண்டை என்று ஒன்று இல்லை. காளான் பறிக்கச் சேர்ந்து போவது ஒரு வருஷம் மழையால் நின்றது, அடுத்த வருஷம் யார் யாரைக் கூப்பிடுவது என்று நின்றது, பிறகு கடையில் பார்த்தால், ஏரி உருகிவிட்டதா உங்கள் பக்கம், உருகிவிட்டது, என்பதோடு சரி.

டிங் என்றது மடிக்கணினி. கெர்த்து! இல்லை. கெய்யோ. குழாய் வேலை பார்க்கிற கெய்யோ. கெய்யோ எதற்கு… திறந்தாள். "அன்புள்ள சிர்க்கா, அழைப்புக்கு மிக்க நன்றி, எதிர்பார்க்கவே இல்லை, மனதைத் தொட்டுவிட்டது. நானும் மனைவியும் கட்டாயம் வருகிறோம். மன்றக் கூடத்துச் சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று எனக்குத் தெரியும், கொஞ்சம் முன்னாடியே வந்து சரிசெய்துவிடுகிறேன், அதுதான் எங்கள் கல்யாணப் பரிசு." சிர்க்கா இரண்டு தரம் படித்தாள், முதலில் வாய்விட்டுச் சிரித்தாள், கெய்யோ அவள் வீட்டுக்கு வந்ததே ஒரே ஒரு முறை, அடைப்பு எடுக்க, பிறகுதான் கைப்பேசியை எடுத்துப் பெயர்ப் பட்டியலைத் திறந்தாள். கெ. இரண்டு எழுத்து தட்டினால் கைப்பேசி நீட்டும், கெர்த்து, கெய்யோ, ஒன்றன்கீழ் ஒன்றாக. படகு முட்டியது. லாரி ஹாரன் அடித்தது. விரல் வழுக்கியது. ஆக அப்படித்தான். விண்ணப்பமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், கெர்த்துவுக்குப் போகவில்லை, கெர்த்துவின் இடத்தில் குழாய்க்காரர் உட்கார்ந்துவிட்டார். விசித்திரம், அவளுக்கு நிம்மதியாக இருந்தது. பதில் சொல்லாமல் இருந்தது கெர்த்து இல்லை. கெர்த்து தன்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. தப்பு தன் விரலில், விரலின் தப்பை விரலாலேயே திருத்திவிடலாம், கூப்பிட்டு, கெர்த்து, இப்படி ஒரு அசட்டுத்தனம் நடந்துவிட்டது என்று சொல்லிவிடலாம், அவள் சிரிப்பாள், அவளுக்கு இதுபோன்ற கதை பிடிக்கும். இவ்வளவு நேரம் வராத தைரியம் இப்போது எங்கிருந்தோ வந்தது, அது போகிறதுக்குள் எண்ணைத் தட்டினாள், ஒரு கையால் மாவின் துணியைத் தூக்கிப் பார்த்தபடி, நன்றாக எழும்பியிருக்கிறது, இன்னும் கொஞ்சம்.

"என்ன" என்றாள் கெர்த்து. எப்போதும் அப்படித்தான் எடுப்பாள். பின்னால் ஆடுகள் கத்தின.

"கெர்த்து, நான் சிர்க்கா."

"தெரியுது. பேரு வருதே."

சிர்க்கா மூச்சுவிடாமல் சொன்னாள், படகு, லாரி, கைப்பேசி, கெய்யோ, குழாய். "உனக்கு வர வேண்டிய அழைப்பு அது. அவருக்குப் போயிடுச்சு. உனக்கு வராம நீ என்ன நினைச்சிருப்பியோன்னு…"

"எந்த அழைப்பு?"

"கல்யாணத்துக்கு."

"அதுவா. அது வந்துச்சே."

சிர்க்கா தூக்கியிருந்த துணியை மாவின்மேல் விட்டாள். வந்ததா. ஆக, வந்தது, விரல் இரண்டு பெயரையும் தொட்டிருக்கிறது, முதலில் தப்பானதை, பிறகு சரியானதை, தப்பானதை அழிக்க மறந்து… அது முக்கியமில்லை, வந்தது, வந்தும் கெர்த்து பேசாமல் இருந்திருக்கிறாள், ஆக அந்த முதல் முள்தான், குத்திவிட்டுப் போகும் என்று நினைத்தோமே, அதுதான். என்ன சொல்வது, சரி, பரவாயில்லை என்றா?

"அன்னைக்கே வந்துச்சு" என்றாள் கெர்த்து. "யாருக்குன்னு மேல பாத்தேன். ஹாபகோஸ்கின்னு இருந்துச்சு. சரி, நமக்குத்தான்னு கண்ணாடியை மாட்டிப் பாத்தா சிர்க்கா ஹாபகோஸ்கி. நீ உனக்கே அனுப்பிக்கிட்டது. என் பேர் எங்கேயும் இல்ல. மேல தேடினேன், கீழ தேடினேன். இல்ல."

"அது மறைநகல், கெர்த்து. பிசிசிம்பாங்க. யாருக்குப் போனாலும் அவங்க பேர் அதுல தெரியாது. எல்லாருக்கும் அப்படித்தான் போச்சு."

"எனக்கென்ன தெரியும்? என்கிட்ட வந்தது ஒண்ணுதான். அதுல நான் இல்ல. கை தவறி வந்திருக்கும்னு நினைச்சேன். ரெய்மாவோட அக்காவை வேணும்னே கூப்பிடுவாங்களா ஒரு கல்யாணத்துக்கு? நான் பாட்டுக்கு வரேன்னு பதில் போட்டு, நீ அய்யய்யோன்னு தலையில கை வெச்சுக்கிட்டு உக்காந்தா? அந்தக் கண்றாவி எதுக்குன்னு விட்டுட்டேன்."

"அழிச்சுட்டியா அதை?"

"அழிக்கல" என்றாள் கெர்த்து. "தினமும் பாத்தேன், பேர் கீர் எங்கேயாவது இருக்குமான்னு" என்றாள். அதை எரிச்சலோடு சொன்னாள்.

சிர்க்காவுக்குச் சிரிப்பு வந்தது, இருமலாக வெளிவந்தது. "இப்ப கூப்பிடறேன், கெர்த்து. நேராவே கூப்பிடறேன். சனிக்கிழமை வா."

"வாயால சொன்னா ஆச்சா. எழுதி அனுப்பு, என் பேரைப் போட்டு. பதில் போடறேன். ஆட்டுக்குத் தண்ணி வெக்கணும்." வைத்துவிட்டாள்.

சிர்க்கா கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டே சமையலறையில் ஒரு சுற்றுச் சுற்றினாள், காரணமில்லாமல் ரொட்டி அடுப்பின் கதவைத் திறந்து மூடினாள், வருவாள், பதில் போடுவாள், பதில் போடுகிறேன் என்றால் கெர்த்து அகராதியில் வருகிறேன் என்று அர்த்தம், கறுப்புக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து ஐலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ருபார்ப் பையில் இனிப்புப் போதவில்லை என்பாள், வெய்க்கோவின் மகள் இவர் யார் என்று கேட்பாள்… கேட்கட்டுமே. அதற்காகத்தானோ? ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரிய வேண்டாம், நாகரிகம், அது இது என்று தனக்கே சொல்லிக்கொண்டு எல்லோரையும் மறைநகலில் போட்டாளே, இந்த ஊரில் யாருக்கு யாரைத் தெரியாது, ஐலியின் பெயரை யாரிடமிருந்து மறைக்க வேண்டும்? ஒரே ஒரு பெயரை மறைக்க எல்லாப் பெயரையும் மறைத்தாளா? வெய்க்கோ வீட்டார் ஹாபகோஸ்கி என்று இன்னொரு பெயரைப் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்றா? அவர்கள் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார்கள். சரி, இப்போது அதைத் தோண்ட வேண்டாம், எழுது. உட்கார்ந்தாள். பெறுநர் என்ற இடத்தில், வெளியே, எல்லோரும் பார்க்கிற வரியில், கெர்த்து ஹாபகோஸ்கி என்று ஒவ்வோர் எழுத்தாகத் தானே தட்டினாள், மடிக்கணினி நீட்டியதைத் தொடவில்லை. பழைய அழைப்பிலிருந்து வரிகளை எடுத்து ஒட்டினாள். 'அன்புள்ள அனைவருக்கும்' என்று ஆரம்பித்தது, அனைவருக்கும் என்பதை எடுத்துவிட்டு கெர்த்து என்று மாற்றினாள். அடுத்த வரி, உங்களில் பலருக்கு ஏற்கனவே தெரிந்திருக்கும் என்றது. கெர்த்துவிடம் உங்களில் பலருக்கு என்றா? அதை அழித்தாள். எங்கள் மகிழ்ச்சியில் நீங்களும் பங்குகொள்ள. அழித்தாள். பரிசுகள் வேண்டாம், உங்கள் வருகையே. அதையும். கடைசியில் அன்புள்ள கெர்த்து மட்டும் நின்றது, அதற்குக் கீழே வெள்ளையாக நிறைய இடம். பக்கத்திலேயே இருந்த வருஷங்களில் அவளுக்கு எழுத வேண்டிய தேவையே இருக்கவில்லை, வாசலில் நின்று கத்தினால் போதும், தூரமானபிறகு எழுதத் தோன்றவில்லை, ஆக இத்தனை காலத்தில் கெர்த்துவுக்கென்று, அவள் ஒருத்திக்கென்று, தான் ஒரு வரிகூட எழுதியதில்லை என்பது சிர்க்காவுக்கு இப்போதுதான் உறைத்தது. என்ன எழுதுவாள், எங்கிருந்து தொடங்குவாள்… துணிக்கு அடியில் மாவு கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி வந்துகொண்டிருந்தது, பார்த்தாள், ஆனால் எழுந்திருக்கவில்லை.